திங்கட்கிழமைப் பிரச்சினை

றீற்றாவின் ஆராய்ச்சித் தலைப்பு பேராசிரியருக்குப் பிடித்துவிட்டதாம். செய்தி எங்கள் குண்டசாலை ஒழுங்கைக்கு வந்த மத்தியானம், அடுத்த வீட்டு இராஜரத்தினம் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

முதுமாணிப் படிப்புக்குப் பேராசிரியர் தியாகராஜா அந்த வருடம் ஒரே ஒருவரைத்தான் எடுப்பார். அந்த ஒருவர், தேயிலைத் தோட்டங்களில் பாலர் வகுப்பு மேற்பார்வை பார்க்கிற றீற்றாவா?

"அப்பிடி என்னத்தைக் கண்டுபிடிச்சவளாம்?"

"பன்விலப் பக்கம் திங்கட்கிழமையில பிள்ளையள் பள்ளிக்கூடம் போகாமல் றோட்டில பந்தடிக்குதுகளாம். ஏனெண்டு ஆராயப் போறாளாம்" என்றாள் மனைவி இராசமணி.

"உதெல்லாம் ஒரு பிரச்சினையே!"

மாஸ்டரும் பன்விலத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் இருந்தார். அங்கே தலைமை ஆசிரியரும் அவரே, மணியடிப்பவரும் அவரே. அந்த முதுமாணி இடத்துக்காக மாதக்கணக்காகத் திங்கள்தோறும் பேராசிரியர் வீட்டுக்கு நடப்பவர், அடுத்த திங்கட்கிழமையும் ஒரு புதுத் தலைப்போடு கிளம்பினார்.

கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் சட்டைப்பை கிண்டப்படும் காலம் அது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை, தலைப்புத் தாள், சாண் நீளச் சாவி எல்லாம் வெளியே வந்தன. அது பள்ளிக்கூடச் சாவிதான், ஆயுதம் அல்ல என்று சிப்பாய்க்குப் புரியவைக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

"கரும்பலகையின் நிறமும் கணித அறிவும்" என்று வாசித்த பேராசிரியர், "இதின்ரை விடை ஆருக்குத் தேவை?" என்றார்.

மாஸ்டர் விடவில்லை. வியாழக்கிழமையையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாளும் நாடு முழுவதையும் அளக்கும் தலைப்புகள்.

"வவுனியாவுக்கு அங்கால சண்டைக்குள்ள எப்பிடிப் போவீர்? ஆமியைக் கேட்டோ?" என்று மடக்கினார் பேராசிரியர்.

அந்த நேரம் பார்த்து றீற்றா உள்ளே வந்தாள். "சேர், இப்ப வியாழக்கிழமையும் பிள்ளையள் றோட்டிலதான்!"

"பாத்தீரோ? பிரச்சினை வளருது. கட்டாயம் ஆராய வேணும்."

மாஸ்டர் குறுக்கே விழுந்தார். "என்ன சேர் ஆராய்ச்சி? பன்னிரண்டு வருசமா அங்கை படிப்பிக்கிறன். தாய்மார் கொழுந்தெடுக்கக் கூட்டிக்கொண்டு போகினம், அவ்வளவுதான்!"

"அப்பிடியெண்டால் நல்லது. விடை தெரிஞ்ச பிரச்சினைக்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு தாயிட்டைக் கேட்டு, அவ சொல்லுறதை அப்பிடியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாரும். றீற்றாவை நிப்பாட்டிப்போட்டு உம்மை எடுக்கிறன்."

றீற்றாவின் முகம் சுண்டியது. மாஸ்டருக்கோ அன்றிரவு இரண்டு தரம் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேரே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய் வீரம்மா அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

"சொல்லு வீரம்மா, திங்களும் வியாழனும் பிள்ளையளை ஏன் பள்ளிக்கூடம் அனுப்பிறேல்லை?" பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆசையாகக் கேட்டார்.

"அனுப்பலையா? நல்லா கேட்டீங்க! குளிப்பாட்டி, தலைசீவி, கருக்கல்லயே அனுப்புறோம். போன வேகத்துலயே திரும்பி வந்துருதுங்க" என்ற வீரம்மா, அவருடைய சட்டைப்பையை எட்டிப் பார்த்தாள். "பூட்டுன கதவைப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரந்தான் நிக்கும்? சாவி ஒங்ககிட்டதானே சார் இருக்கு?"