காலி வீட்டின் கரண்ட் பில்

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதினெட்டு யூனிட் என்று பில் வந்திருந்தது. ஸ்டோர்கீப்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினெட்டேதான்.

பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் கட்டடத்தில், வாடகைக்கு விடலாமென்று வாங்கிப் போட்ட ஒற்றை அறை வீடு அது. குடியிருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாதமாகிறது. வந்து பார்த்தவர்களில் ஒருவரைக்கூட அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கிடங்கில் ஓர் ஆணிகூடக் கணக்கு உதைக்காமல் காத்து ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இது எப்படிப் பொறுக்கும்?

"நிலைக் கட்டணம் சரி. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அதைக் கட்டித்தான் ஆகணும். இந்த யூனிட் கட்டணம் எங்கேருந்து குதிச்சுது?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "சின்னத் தொகைதானே, விடுங்களேன்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிடுவே." போகிற போக்கில் அவள் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை அணைத்துவிட்டுப் போனார். ஓய்வுக்குப் பிறகு அது அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

இரண்டு பில் கட்ட வேண்டியிருப்பதால் சொந்த வீட்டில் புதுச் சட்டம் வந்தது. மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை ஃபேன் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் லைப்ரரிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி, இனி தினமும் போவதாகச் சொன்னாள்.

"நல்ல பழக்கம். அங்கே ஓடுற ஃபேனுக்கு நாம காசு கட்ட வேண்டியதில்லை" என்று அவர் மெச்சினார்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் மட்டும் ஏதோ கோடு பதிந்திருந்தது. புத்தகத்தின் மேல் தலை சாய்த்துவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பில்லில் காலி வீடு முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது.

எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்சு சுவிட்சாகப் பிரித்துப் பார்த்தான். "லைன்ல கோளாறே இல்ல சார். ஃபேன்தான் பழசு, கரண்ட் இழுக்கும்."

"ஓடாத ஃபேன் எப்படிய்யா இழுக்கும்?"

வருகிற குடித்தனத்துக்காவது ஆகட்டும் என்று புது ஃபேன் மாட்டச் சொன்னார் ஸ்டோர்கீப்பர். அந்தச் செலவை ஈடுகட்ட, சொந்த வீட்டில் ஃபேன் தடை சாயங்காலம் ஏழு வரை நீண்டது.

"புது ஃபேன் நல்லாக் காத்து வருமா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. லைப்ரரி ஏழு மணி வரை திறந்திருக்கிறதாம்.

அதற்கடுத்த பில்லில் நாற்பத்துநாலு. அவர் தாளில் கோடு போட்டு இரண்டு வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இங்கே பதிமூன்று இறங்கினால் அங்கே பதிமூன்று ஏறியிருந்தது.

"நாம இங்கே மிச்சப்படுத்துறதெல்லாம் அங்கே போய் ஓடுதோ என்னவோ" என்றார்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் புரையேறிற்று.

அடுத்த மாதம் கணக்கெடுக்கும் நாளன்று, காலை பத்து மணிக்கே அந்தக் கட்டடத்தின் வாசலில் போய் நின்றார். நரைத்த மீசைக் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஒரு சாவி என் பையில. இன்னொண்ணு எங்க சமையலறை ஆணியில. ராத்திரி ராத்திரி நானே பார்த்துட்டுத்தான் படுக்கறேன். அப்போ கள்ளச்சாவி போட்டது நீர்தான்" என்று பாய்ந்தார் ஸ்டோர்கீப்பர்.

"நான் உள்ளே கால் வச்சதே இல்லீங்க."

"பின்னே யாரு போறாங்க?"

காவலாளி தன் செருப்பைப் பார்த்தார். "அதை நான் சொல்றதுக்கில்லீங்க."

ஸ்டோர்கீப்பருக்குச் சுரீரென்றது. பில்லின் பின்பக்கத்திலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் புகார் எழுதினார். காவலாளி அதை எட்டிப் பார்த்தார்.

"இந்த வயசுல வேற எங்கேயும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க சார்."

"அப்போ யாருன்னு சொல்லும்."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாக்கு குடுத்துட்டேங்க. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, அவங்க நிம்மதி போகக்கூடாது."

அது யார் நிம்மதி என்று ஸ்டோர்கீப்பருக்கு விளங்கவில்லை. நெஞ்சில் ஏதோ லேசாக உறுத்தியது. கணக்கென்றால் கணக்குதான் என்று அதைத் தள்ளிவிட்டு, மேல்மாடியிலிருந்த செயலாளர் வீட்டுக்குப் போக மாடிப்படியில் கால் வைத்தார்.

அந்தப் படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர்களில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த பெண், கைக்கருவியில் எண்ணைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஸ்டோர்கீப்பரைத் தெரியாது. காவலாளியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த மாசம் அம்பத்தேழு, தாத்தா. லைப்ரரிக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு இங்கே வந்து தூங்குவாங்களே ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் இன்னும் அங்கே அவங்க பின்னாலேயே வந்து ஃபேனை அணைச்சுக்கிட்டுத்தான் இருக்காரா?"