சொன்ன பேச்சுக் கேட்கும் மின்தடை

வினாத்தாளைத் தானே தயாரித்து, விடையையும் தானே எழுதி, திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு, "பார்த்தீர்களா!" என்று மார்தட்டும் ஓர் இனம் உண்டு, வாசகரே. எந்த ஊரிலும் விளையும். லியுப்லியானா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் விளைந்தவர் பெயர் போகோமிர்.

அவர் கட்டியது ஒரு மின்துடிப்பு இயந்திரம். புற்றுக்கட்டிக்கு எட்டுத் துடிப்பு கொடுத்தால் உயிரணுக்களின் சவ்வில் ஓட்டை விழும், மருந்து உள்ளே போகும். ஓட்டை விழ விழச் சதையின் மின்தடை சரியும், மின்னோட்டம் எகிறும். இயந்திரம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இதைச் சோதிக்க, சதைக்குப் பதிலாக போகோமிர் எதை மாட்டினார்? ரெசிஸ்டர் என்கிற ஒரே ஒரு மின்தடையை. எத்தனை துடிப்பு கொடுத்தாலும் இம்மியும் அசையாத, தங்கமான மின்தடை! மூன்று வருடமாக இயந்திரம் தேறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

கூட வேலை பார்க்கும் ததேயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. துடிப்பின் நடுவிலேயே தடை சரியும்படி, நிஜச் சதையைப் போலவே முரண்டு பிடிக்கும் ஒரு போலிச் சதையை வடிவமைத்து, டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் கால்நடை மருத்துவமனையில் ரூனா என்ற கிழட்டு நாயின் கட்டிக்கு இதே இயந்திரத்தால் சிகிச்சை. இயந்திரம் பாதியில் நின்றால், இன்னொரு தடவை மயக்கமருந்து கொடுப்பதை அது தாங்காது.

மாட்டினார்கள். மூன்றாவது துடிப்பில் இயந்திரம் 'கீ' என்று கத்திவிட்டு நின்றது.

"உன் டப்பா சரியில்லம்மா," என்றார் போகோமிர். "சதை இவ்ளோ மரியாதை இல்லாம நடந்துக்காது."

அந்த ஆய்வுக்கூடத்தில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது உருளைக்கிழங்குதான்; துடிப்பு பட்டால் ஓட்டை விழும் உயிரணுக்கள் அதற்கும் உண்டே. ததேயா ஒன்றைக் கொண்டுவந்து ஊசிகளைக் குத்தினாள். முதல் துடிப்பு, இரண்டாவது, மூன்றாவது... கீ!

"இது இறக்குமதிக் கிழங்கு! நம்ம ஊர்க் கிழங்கா இருந்தா..."

"ரூனாவும் இறக்குமதிதான், குரோஷியாவுலேர்ந்து தத்தெடுத்தாங்க. அத என்ன பண்ணலாம், சொல்லுங்க?"

போகோமிரின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த நாயை அவருக்குத் தெரியும். போன வாரம்தான் அவர் கையை நக்கியிருந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டு, "தேதியத் தள்ளி வைங்க. மெஷின் இன்னும் தயாராகல," என்றார். மூன்று வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. சொல்லி முடிப்பதற்குள், பாவம், வேர்த்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "எனக்கெல்லாம் கோபமே வராது, இல்ல?" என்று வீட்டில் அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறீர்களே, யாரிடம் கேட்கிறீர்கள்? "ஆமாங்க, வரவே வராது" என்று சொல்பவரிடம்தானே?