பதினெட்டு மைலுக்கு ஒரு பலகை

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய ஆர்டிஸ் அக்காவுக்கு,

வெர்னாவின் காபிக் கடை ஜன்னலோர மேஜையிலிருந்து உன் தம்பி லோவல் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் முழங்கால்கள் இரண்டும் நலம். அங்கே நீயும், உன் இடுப்பும், போன வருஷம் நான் இடித்த உன் கார் ஷெட் கதவும் நலமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக.

காலையில் சர்ச்சில் நம் பெஞ்சில் என் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, ஒன்று நான் செத்திருக்க வேண்டும், இல்லை மறுபடி அந்தச் சக்கரப் பலகையில் ஏறியிருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய். இரண்டாவதுதான். போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் முடியாது. முப்பத்தொரு வருஷம் தபால் பை சுமந்தவனுக்கு இந்த ஒரு சௌகரியமாவது இருக்கட்டும்.

கதை உனக்குத் தெரியாததில்லை, ஆனால் என் பக்கத்தை நீ ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. ஓரப் பார்வை குறைந்துவிட்டது என்று லைசென்ஸைப் பிடுங்கினார்கள். சரி, சைக்கிளில் போவோம் என்றால், மூல ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு வருஷத்துக்கு சைக்கிள் சீட்டையே நினைக்காதே என்றுவிட்டார். அதனால் ஞாயிறுதோறும் நீதான் பதினெட்டு மைல் காரோட்டி என்னை இங்கே கொண்டுவந்து விட்டாய், அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஆனால் இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்து இருபதாவது நிமிஷம் ஹாரன் அடிப்பாயே, இருபது நிமிஷத்துக்குள் ஒரு மனுஷன் காபியும் குடித்துக் கல்யாணப் பேச்சையும் எடுப்பது எப்படி, நீயே சொல். பிப்ரவரியில் ஒருநாள் துணிந்து "வெர்னா, நமக்கும் வயசாவுது" என்று ஆரம்பித்தேன், நீ ஹாரனை அடித்தாய். அவள் ஜன்னல் வழியாக உன் காரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா கொண்டாந்து இறக்கி, அக்கா ஏத்திட்டுப் போற ஆளுக்குப் பேரு மாப்பிள்ளை இல்ல லோவல், பார்சல். ஒருநா நீயா வா. அப்ப பேசலாம்." ஒரு தபால்காரனைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் நம் ஊர் ஆற்றோரத்தில் பழைய ரயில் பாதைமேல் போட்ட தார்த் தடம் ஞாபகம் வந்தது. அது நேரே வெர்னாவின் கடைக்குப் பின்னால்தான் வந்து முடிகிறது. அதில் நீளச் சக்கரப் பலகைமேல் நின்று, ஒரு காலால் தரையை உந்தி உந்தி மைல் கணக்கில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரவே வேண்டாத வண்டி. பலகைக் கடை மரிசோலிடம் போனேன். "இறக்கத்துல வேகமா போகவா, தள்ளிக்கிட்டே தூரம் போகவா?" என்றாள். தூரம் என்றேன். "அப்ப தரையோட ஒட்டின பலகையா எடுங்க. பலகை உசந்தா, ஒவ்வொரு தள்ளுக்கும் நிக்கிற கால் மடங்கி மடங்கி நிமிரணும். முழங்கால் போயிடும்." முப்பத்தொரு வருஷம் நடந்து பிழைத்தவனுக்கா இவள் காலைப் பற்றிப் பாடம் எடுப்பது என்று எனக்கு ரோஷம். சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது, நல்ல உயரம், அடியில் வாளை மீன் படம், ஏரியிலிருந்து அப்போதுதான் பிடித்தது போல ஒரு மீன். அதைத்தான் வாங்கினேன். மூன்றாவது மைலில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அன்று மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேனே, பனியில் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது மே மாதம், பனி ஏது.

மீனைத் திருப்பிக் கொடுத்தேன். மரிசோல் சிரிக்கவில்லை, நல்ல பெண். நடுவில் தொய்ந்து, தரைக்கு மூன்று விரல் உயரத்தில் போகிற பலகை ஒன்றைக் கொடுத்து, மெத்தென்ற சக்கரங்களைப் போட்டு, "இதுக்கு மேல பெரிய சக்கரம் போடாதீங்க, சாயும்போது பலகைல உரசும்" என்றாள். பெரிய சக்கரம் என்றால் ஒரே தள்ளில் அதிக தூரம் உருளுமே என்று கணக்குப் போட்டு, தபாலில் ஒரு ஜோடிக்கு இரண்டு ஜோடியாக வரவழைத்து மாட்டினேன். ஆற்று வளைவில் லேசாகச் சாய்ந்தேன். சக்கரம் மரத்தைக் கவ்வியது. பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை, முள்புதரில் போய் விழுந்தேன். நீ என் கையிலிருந்து முள் எடுத்தாயே, ரோஜாச் செடியை வெட்டினேன் என்று சொன்னேனே, நம் வீட்டில் ரோஜாச் செடி ஏது. பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்டும்போது இரண்டு அச்சையும் கழற்றித் துடைத்து, முன்பின்னாகத் திருப்பி முடுக்கிவிட்டேன் போலிருக்கிறது. அச்சு திரும்பி நின்றால் பலகைக்கும் புத்தி திரும்பிவிடும், இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் போகும். ஒரு வாரம் என் மூளைதான் பழுதாகிவிட்டது என்று நினைத்து, பயத்தில் உயில் எழுதிவைத்தேன். மீன்பிடிப் படகு உனக்குத்தான்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு வில்லங்கம். நான் வலது காலால் மட்டுமே தள்ளினேன். ஜூலையில் கால்சட்டை ஒரு தொடைக்கு இறுக்கமாகவும் மறு தொடைக்குத் தொளதொளவென்றும் ஆகிவிட்டது. "காலை மாத்தி மாத்தித் தள்ளலைன்னா பதினெட்டு மைல் கனவுலதான்" என்றாள் மரிசோல். இடது காலுக்கு ஆரம்பப் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர்த் தெருக்களில் வழுவழுப்பான தார் எங்கே இருக்கிறது? ஆஸ்டர்ஹாஸின் சவ அடக்க நிலைய வாசலில்தான். மூன்று வாரம் அங்கே விழுந்து எழுந்தேன். ஒருநாள் ஆஸ்டர்ஹாஸ் கறுப்புக் கோட்டோடு வெளியே வந்து, "லோவல், நீயே உள்ள வந்துடுறியா, இல்ல நாங்க வந்து தூக்கணுமா?" என்றார். நான் விழுந்து கிடந்தபடியே, இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருக்கிறது என்றேன்.

அந்த ஞாயிறு இன்றுதான். எட்டு மணிக்குக் கிளம்பினேன். வலதில் இருபது தள்ளு, இடதில் இருபது தள்ளு. சோளக்கொல்லைகளுக்கு நடுவே எனக்கு முன்னும் பின்னும் ஆளில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அக்கா, நான் சந்தோஷமாக இருந்தேன். உன்னிடம் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டே காலுக்கு வெர்னாவின் பின்வாசலில் வந்து இறங்கினேன். அவள் மாவுக் கையோடு வந்து, தெருவில் உன் கார் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இல்லை. மூச்சு வாங்குவதற்குள் கேட்டுவிட்டேன். கேரமல் ரொட்டியும் காபியும் வைத்தாள், பலகையைக் காலால் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள். "சின்ன வயசுல சக்கர ஷூ போட்டுக்கிட்டு இந்த வட்டாரத்துலயே என்னை அடிச்சுக்க ஆளில்ல, தெரியுமா? இதுல ஒரு சுத்து போயிட்டு வந்து பதில் சொல்றேன்" என்று போனவள் இன்னும் வரவில்லை. அதுவரை கல்லாவைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவள் சரியென்றாலும் மாட்டேனென்றாலும் நான் என் காலாலேயே வந்தேன், என் காலாலேயே திரும்புவேன். இனி ஒருநாளும் உன்னைக் கார் எடுக்கச் சொல்ல மாட்டேன், உன் ஞாயிற்றுக்கிழமை இனி உன்னுடையது. இந்தப் பலகையைப் பழகுவது லேசான காரியம் இல்லை, நான்கு மாதம் பிடிக்கும் என்பதை நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் எல்லாம் சொல்.

உனக்கு நீண்ட ஆயுளும், இடுப்புக்கு நிம்மதியும், இந்த வருஷமாவது ருபார்ப் செடிக்கு நல்ல மழையும் கிடைக்கட்டும். பூனைக்கு என் விசாரிப்பு.

உன் கீழ்ப்படியாத தம்பி,
லோவல் ப்ரெக்கி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல், காபி குடிக்க வந்த நம் ஊர்ப் பாதிரியார் மனைவியின் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபால்காரர்கள் சங்கம் என்னை மன்னிக்கட்டும். அவசரம். வெர்னா இப்போதுதான் போன் பண்ணினாள், பதினோராவது மைலில் இருக்கிறாளாம், ஒரு தடவைகூட விழவில்லையாம். "சரின்னு சொல்றேன் லோவல். ஆனா கால் நிக்க மாட்டேங்குது, திரும்பி வர மனசில்ல. நேரா உங்க ஊருக்கே போயி உங்க அக்காகிட்ட நானே பேசிக்கிறேன்" என்கிறாள். வந்தால் காபி கொடு. குடித்து முடித்ததும் இரண்டு பேரும் காரில் வாருங்கள். ஹாரன் வேண்டாம், பார்சல் வாசலிலேயே நிற்கும்.