பெரியவருக்கு மாவு ஆகாது

மாட்டிறைச்சியை, மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் இறக்கி மூடியும் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் மேடத்தின் குரல் செய்தி வந்தது.

இன்னும் சரியாக விடியவில்லை. அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டுப் போனைத் தட்டினாள். பின்னால் விமான நிலைய அறிவிப்பு இரைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பெரியவருக்கு மாவு ஆகவே ஆகாது. சாப்பிடுற இடத்துல கிட்டவே வராம பாத்துக்கோ. போன தடவை பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டார். அவரா வாயைத் திறந்து சொல்ல மாட்டார், மனசுக்குள்ளயே கஷ்டப்படுவார். நீயும் போய்க் கேட்டு வெக்காதே. போனை அணைக்கச் சொல்றாங்க, வெச்சுடறேன்."

திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். மேடம் அதற்குள் வானத்துக்குப் போய்விட்டிருந்தார்.

மேடம் அவளுடைய பிரிவின் தலைவர். பெரியவர் என்றால் முதலாளி. லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். வெள்ளிக்கிழமை மதியம் யாராவது ஒருவர் முறை வைத்து எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வருவார். பெரியவரும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார். இன்று அவள் முறை; மாட்டிறைச்சி சாண்ட்விச் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மேடம். இன்றுதான் அவளுடைய பயிற்சிக் காலமும் முடிகிறது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் கூப்பிட்டு, வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்வார். அந்த முடிவை அவர் மூளையால் எடுக்கிறாரா வயிற்றால் எடுக்கிறாரா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது.

அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் போன முதல் கால் அவளுடையது. இன்ஜினியரிங் முடித்து, லிப்ட் குழிகளுக்குள் இறங்கி, கிரீஸில் குளித்து, ஆபீஸில் உட்கார்ந்து அரட்டையடிக்க ஒரு நாள்கூட வாய்க்காமல் வேலை கற்றிருந்தாள். எல்லாம் கடைசியில் ஒரு சாண்ட்விச்சில் வந்து நிற்கிறது. கூடச் சேர்ந்த பையன் தன் முறைக்கு ஹோட்டலில் வாங்கி வந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும், நீயே வீட்டில் செய்வாய்தானே என்று கேட்டார்கள்.

அம்மா செய்து வைத்திருந்த வேலை இதைவிட மோசம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து முழங்கால் வீங்கிப்போனவள். மகளுக்கு வேலை உறுதி என்று தானாகவே முடிவு கட்டி, இனிமேல் வரமாட்டேன் என்று நேற்றே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் அவன் மூஞ்சியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருந்தாள். திரும்பிப் போக வழியே கிடையாது.

"என்னடி, முகம் செத்துப்போச்சு?" என்றாள் அம்மா.

"பெரியவருக்கு மாவு ஆகாதாம்."

அம்மா மெல்லக் குக்கரைத் திரும்பிப் பார்த்தாள். இறைச்சியை மைதாவில் புரட்டி, பொன்னிறமாக வறுத்து உள்ளே போட்டது அவள்தான்.

"சாண்ட்விச் செய்யச் சொன்னதே உங்க மேடம்தானே? ரொட்டியை என்ன மண்ணுலயா செய்றாங்க?"

"சோதிக்கிறாங்கம்மா. இவ எப்படிச் சமாளிக்கிறான்னு பாக்குறாங்க."

"விளங்கிடும்," என்றாள் அம்மா.

இறைச்சியை வெளியே எடுத்துக் குழாயடியில் கழுவினார்கள். மைதா போயிற்று, கூடவே மிளகும் பூண்டும் உப்பும் போயின. ருசி வர வேண்டுமே என்று சோயா சாஸை ஊற்றினாள். ஊற்றிய பிறகு புட்டியின் முதுகைப் படித்தாள். சோயா, உப்பு, கோதுமை. மறுபடியும் கழுவினார்கள். சூப் கட்டி ஒன்றை உதிர்த்துப் போட்டாள். உறையைக் குப்பையிலிருந்து பொறுக்கிப் பார்த்தால் அதிலும் கோதுமை. இன்னொரு முறை கழுவியதில் இறைச்சி பழைய துணி மாதிரி வெளுத்துவிட்டது. அம்மா அதை முறுக்கிப் பிழிந்தே விட்டாள். கைப்பழக்கம்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்த யாரையாவது கேட்டே தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். பெரியவரோடு முதல் நாளிலிருந்து இருப்பவர். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார். எடுத்தால் வைக்க மாட்டார்.

"சார், உங்களோட இருக்கட்டும். பெரியவருக்கு மாவு ஆகாதாம். பக்கத்துலயே வரக் கூடாதாம்."

மறுமுனையில் அவர் உச்சுக் கொட்டினார்.

"அடப்பாவமே," என்றார். "இத்தனை வருஷமா கூடவே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்."

அதன்பின் விளக்கினார். தன்னுடைய மச்சானுக்கும் இதே தொல்லையாம். குளூட்டன் என்று பெயராம். மைதா, கோதுமை, பார்லி மூன்றும் தொடக் கூடாது. அரிசி மாவும் சோள மாவும் ஒன்றும் செய்யாது. குளூட்டன் இல்லாத ரொட்டி விற்கும் கடை தன் வழியில்தான் இருக்கிறது, தானே வாங்கி வந்துவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர். அதோடு வைத்திருக்கலாம். ஆனால், மாடிக்கும் மாடிக்கும் நடுவே லிப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளையைத் தான் மீட்ட கதையை ஆரம்பித்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்ட கதை. பிறகு அவள் லிப்ட் குழிக்குள் நிற்க, மேலேயிருந்து அவர் சொல்லக் கேட்ட கதை. போனை மேடையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த இறைச்சியை எடுத்து நறுக்கினாள், வெங்காயம் உரித்தாள், பூண்டு தட்டினாள். திரும்பப் போனை எடுத்தபோது மாப்பிள்ளை இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

மாவில்லாமல், சாஸில்லாமல், வினிகரும் மிளகும் வெங்காயமும் மட்டும் போட்டுக் குக்கரை அதிகச் சூட்டில் திருகினாள். மூடியைத் திறந்தால் சூடு இறங்கிவிடும் என்று தெரியும். தெரிந்தும் திறந்து திறந்து பார்த்தாள்.

"இது அடுப்பா, தூங்குற பெட்டியா?" என்றாள் அம்மா. "நீ ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள இது முழிக்கவாவது செய்யுமா?"

முழிக்கவில்லை. குக்கரை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ரசமாகத் தளும்பியது. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் பிளக்கைச் செருகி, சோள மாவைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் குழம்பு கெட்டியாயிற்று. இறைச்சி நாராகப் பிரிந்தது. முதல் முறையாக மூச்சு விட்டாள்.

ஸ்டோர் கீப்பர் ரொட்டியோடு வந்தார். கத்தி பட்டதும் அது பழைய சுவர் மாதிரி உதிர்ந்தது. லேசாக வாட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, அவள் திரும்புவதற்குள் நாலு துண்டுகளை ஆபீஸ் டோஸ்டரில் சொருகிவிட்டார். அந்த டோஸ்டரின் அடியில் ஆபீஸ் மொத்தமும் தின்ற கோதுமை ரொட்டியின் தூள் கிடந்தது. அவள் விரலைச் சுட்டுக்கொண்டு துண்டுகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். மிச்சம் உருப்படியாக இருந்தவை இரண்டே துண்டுகள். அவற்றை வாட்ட, ஸ்டோரிலிருந்து வயர் உறையைச் சூடாக்கும் ஹீட் கன்னைக் கொண்டுவந்தார். ஓரம் கருகினாலும் ரொட்டி நின்றது.

இரண்டு துண்டு பெரியவருக்குப் போதும். ஆனால் மற்றவர்கள் தின்னப்போவது சாதாரண ரொட்டி. ஒரு துகள் பறந்து வந்து விழுந்தாலும் முடிந்தது கதை. நீள மேசையின் அந்தக் கோடியில் எல்லா ரொட்டியையும் தள்ளி, எல்லோரையும் அங்கேயே உட்காரச் சொன்னாள். பெரியவருக்கு இந்தக் கோடியில் தனியாக ஒரு தட்டு.

"நான் அவர் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்," என்றார் ஸ்டோர் கீப்பர். "நான் இருக்கிறப்போ மாவு எப்படி அவர் கிட்ட வருதுன்னு பாத்துடறேன்."

அவளுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரியவர் வந்தார். அந்தக் கோடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும், இந்தக் கோடியில் தனக்காகக் காத்திருந்த ஒரே ஆளையும் பார்த்து ஒரு கணம் நின்றார்.

"உங்க நல்லதுக்குத்தான் சார் இப்படி ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்றாள் அவள்.

அவர் அவளை அடிபட்டவர் மாதிரி பார்த்தார். உட்கார்ந்து ஒரு கடி கடித்தார். முகம் மலர்ந்தது. "நல்லாருக்கே. யார் செஞ்சது?" என்றார். அவளுக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது; இனி அது ஓய்வெடுக்கலாம்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையை மறுபடியும் லிப்டில் ஏற்றினார்.

மாப்பிள்ளை இரண்டாம் மாடியைத் தாண்டுவதற்குள் பெரியவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நெற்றி வியர்த்தது. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். அவள் மேசைக்கடியில் போனில் தேடினாள். தலைவலி இருக்கலாம், மயக்கம் வரலாம் என்று போட்டிருந்தது. அவர் கண்கள் கதவையே பார்த்தன. பாதி சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

எங்கேயோ ஒரு துகள் புகுந்துவிட்டது. அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் வேணாம்மா. என்னைக் கொஞ்ச நேரம் தனியா விட்டாப் போதும்."

இந்த நிலைமையில் எப்படித் தனியாக விடுவது? வேலை போனால் போகிறது, கொலைப்பழி வேறா? படிகளில் இறக்கி, வாசலில் நின்ற காரின் பின் சீட்டில் அவரை ஏற்றினாள். மறுபக்கம் ஸ்டோர் கீப்பரை ஏற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், நினைவு தப்ப விடாதீர்கள் என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடிக்கு உள்ளே ஸ்டோர் கீப்பரின் வாய் அசையத் தொடங்கியது. பெரியவரின் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது.

அவள் முன்பக்கம் ஓடி டிரைவரின் ஜன்னலைத் தட்டினாள்.

"சீக்கிரம் போங்கண்ணா. பெரியவருக்கு மாவு ஆகாது, தெரியுமில்ல?"

டிரைவர் கண்ணாடியில் பின் சீட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா ரெண்டு பேரையும் ஒரே சீட்டுல போட்டுக் கதவைச் சாத்தினே? அரைச்ச மாவையே அரைக்கிறாருன்னு ஸ்டோர் சாருக்கு மாவுன்னு பேர் வெச்சதே பெரியவர்தானேம்மா."