டிகிரிக்காரர் கட்டிய கணினி

டிகிரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. டிகிரி என்றதும் கல்லூரிப் பட்டமோ கும்பகோணத்துக் காபியோ உங்கள் நினைவுக்கு வந்தால், இரண்டையும் ஓரமாகத் தள்ளி வையுங்கள். நான் சொல்வது கணினியைத் தானே கட்டிக்கொள்கிற ஆசாமியை. கடையில் கட்டிவைத்த கணினியை வாங்குகிறவர்களைப் பார்த்தால் இவருக்குப் பரிதாபம் பொங்கிக்கொண்டு வரும். பெட்டி தனி, பிராசசர் தனி, மதர்போர்டு தனி, விசிறிகள் தனி என்று ஒவ்வொன்றையும் ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்து, இது அதோடு ஒத்துப்போகுமா, இது கொதித்தால் அது தாங்குமா என்று ஊரெல்லாம் விசாரித்து, வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கி, ஒருவழியாக எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தபிறகு அந்தக் கணினியில் இவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பார்.

அவ்வளவுதான். வேறொன்றும் செய்யமாட்டார்.

உலகத்தின் வடகோடியில், பனி கொட்டும் குவோப்பியோ நகரத்தில் எஸ்கோ இருக்கிறார். குளிர்காலத்தில் எந்தத் தெருவில் எந்த வண்டி பனி அள்ள வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கிறவர். சாதுவான மனிதர், குடிப்பழக்கம் கிடையாது, யாரையும் கடிந்து பேசமாட்டார். வாரத்தில் மூன்று நாள் சவுனா அறையில் தொண்ணூறு டிகிரி நீராவியில் பலகைமேல் உட்கார்ந்து, தோல் சிவக்கச் சிவக்க, 'ஆஹா' என்று கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணுக்குள் ஓடும் கவலை ஒன்றே ஒன்றுதான்: கணினியின் பிராசசர் அறுபது டிகிரியைத் தொட்டுவிட்டால் பாவம் அது என்ன செய்யும்?

அவர் மனைவி கைசா. வேலை பார்த்துவந்த பத்திரிகை மூடிவிட்டதால் சில மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு, எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டித் திரைப்படமாகச் சேர்க்கிற தொழிலில் இறங்குவதென்று முடிவு செய்தாள். ஐம்பது தாண்டிய பெண்மணிக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அவளே பயந்துகொண்டிருந்தபோது ஊர்க் குளிர்நீச்சல் சங்கம் கொடுத்தது. ஏரியின் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு அதற்குள் இறங்கி முங்கி எழுகிறவர்களின் சங்கம் அது. அவர்களைப் பற்றிய படத்தைப் பிப்ரவரி விழாவன்று நகரத் திரையரங்கில் காட்ட வேண்டும். நன்றாக வந்தால் அடுத்த வேலை வரும். வராவிட்டால் இதோடு சரி. கைசாவின் பழைய மடிக்கணினியோ இரண்டு காட்சிகளை ஒட்டுவதற்குள் மூச்சுத் திணறி அணைந்துபோயிற்று.

"சனிக்கிழமை கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள் சாப்பாட்டு மேசையில். செப்டம்பர் மாதம் அது.

எஸ்கோ கரண்டியைக் கீழே வைத்தார். "கடையிலயா?"

"ஆமா. வேற எங்க?"

"வீட்டுல நான் ஒருத்தன் இருக்கும்போது நீ கடையில போய் கம்ப்யூட்டர் வாங்குவியா கைசா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேரு?"

அதற்குள் எஸ்கோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகம் ஏற்கெனவே மலர்ந்துவிட்டது. டிகிரிக்காரர் முகம் அப்படி மலர்வதைப் பார்த்திருந்தால் நீங்களும் அன்று வாயை மூடிக்கொண்டு சம்மதித்திருப்பீர்கள். கைசாவும் சம்மதித்தாள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முதலில் பிராசசர் வந்தது. அதன் தலைமேல் உட்காரவைக்க, இரட்டை விசிறி வைத்த கோபுரம் ஒன்று வந்தது. கோபுரம் பெட்டியைவிட ஒரு விரல்கடை உயரம், மூடி மூடவில்லை. கோபுரத்தைச் சின்னதாக வாங்கலாமே என்கிறீர்களா? அது உங்கள் புத்தி. எஸ்கோ பெட்டியைப் பெரிதாக வாங்கினார். பெரிய பெட்டிக்குள் சின்ன மதர்போர்டு அநாதைபோல் நின்றதால் அதை மாற்றினார். புதிய மதர்போர்டில் அந்தக் கோபுரம் உட்கார்ந்தால் நினைவகத் துண்டுகளுக்கு இடமில்லை. ஆகவே கோபுரமே வேண்டாம், தண்ணீரில் குளிர்விப்பதுதான் மனிதனுக்கு அழகு என்று முடிவாயிற்று. குழாய்கள் வந்தன, பம்ப் வந்தது, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல ஒரு ரேடியேட்டர் வந்தது. தண்ணீர் உறையாமலிருக்க ஒரு திரவம் கலக்கலாம் என்று அவை வந்த அட்டைப்பெட்டிமேல் போட்டிருந்தது. கலந்தால் ஒரு டிகிரி கூடுமாம். எஸ்கோ கலக்கவில்லை. பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அந்தச் சுத்தமான வாலைவடிநீர் மட்டும்தான் ஊற்றினார்.

இதற்கிடையில் நவம்பர் போய்விட்டது. கைசா பழைய மடிக்கணினியின் கீழே இரண்டு முட்கரண்டிகளை முட்டுக்கொடுத்து, காற்றுப் போக வழிசெய்து, ஒரு நாளைக்கு ஒரு காட்சியாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிராசசருக்கும் அதன்மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்துகிற பசை ஒன்று தடவ வேண்டும். எவ்வளவு தடவுவது? இது உங்களுக்கு அற்ப விஷயமாகப் படலாம். இதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் இருக்கின்றன. எஸ்கோவின் நண்பர் ஒஸ்ஸி, பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் இன்னொரு டிகிரிக்காரர், ஒரு வியாழக்கிழமை இதற்காகவே வந்தார். அந்த ஊரில் வியாழக்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் பட்டாணி சூப். கைசா மூன்று தட்டுகளில் ஊற்றி வைத்தாள்.

"பட்டாணி அளவுதான் வைக்கணும்" என்றார் ஒஸ்ஸி.

"பட்டாணின்னா எந்தப் பட்டாணி?"

ஒஸ்ஸி தம் தட்டிலிருந்து ஒன்றைக் கரண்டியில் எடுத்துக் காட்டினார். "இதோ, இம்புட்டு."

எஸ்கோ அதை உற்றுப் பார்த்தார். "டேய், இது வெந்த பட்டாணி. ஊறி உப்பிப்போய்க் கெடக்கு. நம்ம கணக்கு காஞ்ச பட்டாணி."

"எவன்டா சொன்னான் காஞ்ச பட்டாணின்னு?"

"வெந்ததுன்னு எவன் சொன்னான்?"

"சூப் ஆறுது" என்றாள் கைசா.

அவர்கள் காதில் விழவில்லை. ஒஸ்ஸி எழுந்து சமையலறை அலமாரியைத் திறந்து காய்ந்த பட்டாணி தேடினார். எஸ்கோ அளவுகோல் தேடினார். கைசா தன் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கைசாவும் எஸ்கோவும் அல்ல, எஸ்கோவும் ஒஸ்ஸியும்.

ஜனவரியில் கணினி பிறந்தது. கறுப்புக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல விளக்கொளியில் ஓடும் தண்ணீர், காதை வைத்துக் கேட்டாலும் சத்தமில்லை. முப்பத்தொன்று என்று திரையின் மூலையில் எண் தெரிந்தது. எஸ்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த எண்ணைக் குழந்தை முகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். கைசா அவர் தோளில் தட்டி, "நல்லாக் கட்டியிருக்க, நிசமாவே. இப்ப எந்திரி. எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

அவள் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டாள். முப்பத்தொன்று நாற்பத்தைந்தாயிற்று. படத்தைச் சேர்த்து வெளியே எடுக்கக் கட்டளை கொடுத்ததும் அறுபதைத் தாண்டிற்று.

"கொஞ்சம் நிறுத்து" என்றார் பின்னால் நின்ற எஸ்கோ.

"ஏன்?"

"ஆறட்டும்."

"எஸ்கோ, அது வேலை செய்யுது. வேலை செஞ்சா சூடாகத்தான் செய்யும்."

"நான் என்ன வேலை செய்யக் கூடாதுன்னா சொல்றேன்? ஆற ஆறச் செய்யட்டும்னுதான் சொல்றேன்."

மறுநாளும் இதே கதை. அவள் ஆரம்பிப்பாள், அவர் நிறுத்துவார். நிறுத்திவிட்டுப் பக்கத்துச் சன்னலைத் திறந்துவிடுவார். பல் துலக்கிக்கொண்டிருப்பவர் பாதியில் ஓடிவந்து எண்ணைப் பார்ப்பார். விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "படம் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டாள். "அறுபத்திரண்டுல இருக்கு" என்று கைசாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

அன்றே கோட்டை மாட்டிக்கொண்டு, படக்காட்சிகள் இருந்த வட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒஸ்ஸியின் மனைவி மிர்யாவின் வீட்டுக்குப் போனாள்.

"ஏண்டி கைசா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உன் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா? ஒஸ்ஸியோடது இல்ல. உன்னோடது."

மிர்யாவுடையது தையல் அறையில், மேசைக்கடியில் இருந்தது. கடையில் எப்போதோ கட்டிவைத்து விற்றது. காற்றுத் துவாரங்களில் பூனைமுடி கம்பளியாக அடைந்திருந்தது. பெட்டிமேல் பூனையே படுத்திருந்தது.

"அதுமேல படுக்க விடுறியே, ஒஸ்ஸி ஒண்ணும் சொல்லலையா?"

"அவனுக்கு அதைப் பாத்தா நெஞ்சு வலிக்குதாம். இந்த ரூமுக்குள்ளயே வரமாட்டான். பூனைக்குக் கதகதப்பா இருக்கு, எனக்கு நிம்மதியா இருக்கு."

அந்தக் கணினி வேலை செய்யும்போது மாவு மில் மாதிரி கத்திற்று. எத்தனை டிகிரி என்று காட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கைசா தினமும் போனாள். வெட்டினாள், ஒட்டினாள், மிர்யா கொடுத்த காபியைக் குடித்தாள். பூனை ஒருமுறை வாலால் திரையை மறைத்தது. அதைத் தவிர யாரும் அவள் வேலையை நிறுத்தவில்லை.

எஸ்கோ இதைக் கவனித்தாரா? கவனிக்க அவருக்கு எங்கே நேரம்? அவருக்கு அப்போது ஒரு யோசனை உதித்திருந்தது. வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. இத்தனை குளிர் இலவசமாகக் கிடக்கும்போது வீட்டுக்குள் கணினியை வைத்திருப்பவன் முட்டாள் அல்லவா? பெட்டியைத் தூக்கிப் பால்கனியில் வைத்தார், பால்கனியை மூடியிருந்த கண்ணாடித் தடுப்புகளை ஒதுக்கிவிட்டார், கம்பிகளைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்தார். கதவு மூடாததால் கூடத்தில் எஸ்கோ குல்லாயும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எண் இறங்கியது. இருபது. பதினான்கு. ஒன்பது. பட்டாணிச் சண்டையை மறந்து ஒஸ்ஸியைக் கூப்பிட்டார். ஒஸ்ஸி வந்து பார்த்தார்.

"ஒத்தை இலக்கம்டா எஸ்கோ" என்றார். குரல் தழுதழுத்தது.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு, பாவம் இத்தனை நேரம் உழைத்ததே, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று எஸ்கோ கணினியை அணைத்துவிட்டு, நண்பரோடு சவுனாவுக்குப் போனார்.

ஓடாத தண்ணீர், அதுவும் எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீர், இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எஸ்கோவும் படித்திருக்கிறார். சவுனாவிலிருந்து துண்டோடு வந்து பால்கனியைப் பார்த்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. குழாய்கள் வெடித்திருந்தன. செம்புத் தகட்டின் மூடி பிளந்திருந்தது. கணினி முழுக்கப் பனிக்கட்டி, விளக்குப் போட்டதுபோல மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எஸ்கோவுக்குப் படம் ஞாபகம் வந்தது. ஐந்து மாதமாகக் கைசா செய்த வேலை. விழாவுக்கு இரண்டே நாள். இவ்வளவு நாளில் முதல்முறையாக அவர் டிகிரியை மறந்தார். ஒஸ்ஸி மெதுவாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த இனத்தின் நட்பு அவ்வளவுதான்.

கைசா வந்து கதவைத் திறந்தபோது எஸ்கோ முன்னறையில் நின்றுகொண்டிருந்தார்.

"கைசா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கம்ப்யூட்டர் போச்சு. நான்தான் கெடுத்தேன். உன் படமும் போச்சு. சங்கத்துக்கு நானே போய் சொல்லிடறேன். நீ தலை குனிய வேண்டாம்."

கைசா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. "படம் நேத்தே தியேட்டருக்குப் போயாச்சு எஸ்கோ."

"எப்படி?"

"மிர்யா வீட்டுல உக்காந்து முடிச்சேன். ரெண்டு வாரமா அங்கதான் போயிட்டு வர்றேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே. தெனமும் வாசல்ல என்னைப் பாத்ததும் என்ன கேட்ட? 'வெளிய எத்தனை டிகிரி'ன்னு கேட்ட."

எஸ்கோ தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "மிர்யாவோட மெஷின்லயா? அதுமேல பூனை..." என்று ஆரம்பித்தார். கைசா ஒரு பார்வை பார்த்தாள். எஸ்கோ மீதியை விழுங்கிவிட்டுக் காபி போடப் போனார்.

விழாவன்று திரையரங்கு நிறைந்திருந்தது. எண்பது வயதுக் கிழவி ஒருத்தி பனி ஓட்டைக்குள் இறங்கி, வாயில் வந்த வசவையெல்லாம் சொல்லி, சிரித்துக்கொண்டே மேலேறி வந்த காட்சியில் அரங்கமே அதிர்ந்தது. எஸ்கோவும் விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து ஊர்ப் படகுச் சங்கத்துக்காரர் ஒருவர் கைசாவிடம் வந்து, அவர்களுக்கும் ஒரு படம் செய்துதர முடியுமா என்று கேட்டார். எஸ்கோ அவள் கையைப் பிடித்து, "நல்லா இருந்துச்சு கைசா. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவள் கண் கலங்கிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் எஸ்கோவைக் காணவில்லை.

அவர் மாடியில், படம் ஓட்டுகிற அறை வாசலில் நின்றிருந்தார். "ஒரு நிமிஷம் கேக்கலாமா? இந்த மெஷின் ஓடும்போது எத்தனை டிகிரி வரும்?"

ஓட்டுகிறவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு கொறைக்கலாம்னு பாக்கறேன். உள்ள வாங்களேன்."

எஸ்கோ உள்ளே போனார். கைசா மிர்யாவோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் கணினி கட்டுகிறவர் இல்லையே என்கிறீர்கள். சரி. ஒரு மிக்ஸி வாங்குவதற்காக எத்தனை பேருடைய விமர்சனங்களைப் படித்தீர்கள், படித்து முடித்த பிறகு வாங்கினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. வாங்கிய மிக்ஸியில் சட்னி அரைத்தீர்களா, அல்லது வருகிறவர்களுக்கெல்லாம் அதன் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் இதைக் கைபேசியில்தானே படித்தீர்கள்? நடுவில் ஒருமுறை அதன் முதுகைத் தடவி, சூடாகிறதா என்று பார்த்தீர்கள்.

நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.