சம்பந்தியம்மாவுக்கு நான் ஊதிக் காட்டிய சங்கு

அதிகம் படிக்காமல் முன்னுக்கு வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. எனக்கு அது முற்றிய நிலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டென்மார்க்கில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று பிரெடெரிசியாவில் சொந்த உணவகம் வைத்திருக்கிறேன் (கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வேன்).

மகள் அபிரா ஒரு ஸ்பானியப் பையனை விரும்பினாள். மோதிரம் மாற்ற அவனுடைய தாய் கார்மென் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் புழுகாதேங்கோ. அவன்ர அம்மாவுக்கு இந்தக் கலியாணத்தில அரைமனசுதான்," என்று மகள் முதலே கெஞ்சினாள்.

"நான் எப்பயடி புழுகினனான்?" என்றேன்.

எங்களோடு பேசுவதற்காகவே கார்மென் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் என்ன, பயன் என்ன என்று கேட்காமல் விடமாட்டார். சாமித்தட்டில் இருந்த சங்கைக் காட்டி, ஆங்கிலத்தில் என்ன என்றார்.

"கொங்க்!" என்றேன், மகளை முந்திக்கொண்டு. (அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்ததுதான் கெட்டகாலம்.) கடலில் கிடைக்கும் ஓடு என்று அர்த்தமும் சொன்னேன். பயனைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. ஒப்புக்கொள்வேனா? சங்கை எடுத்தேன்.

"என்னப்பா, வீட்டுக்குள்ள சங்கு ஊதுறதோ?" என்று மனைவி பதறினாள்.

"நீர் சும்மா இரும். அவவுக்கு விளங்கட்டும்."

ஊதினேன். கார்மென் கை தட்டினார். அந்த உற்சாகத்தில் இன்னும் நீட்டி ஊதினேன். கோடைகாலம், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது.

எங்களவர்களுக்கு, வீட்டுக்குள்ளிருந்து சங்குச் சத்தம் வந்தால் அது செத்தவீடு. போன வாரம்தான் நான் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்பதும் மேல்மாடிப் பூமணி அக்காவுக்குத் தெரியும்.

கதவு தடதடத்தது. திறந்தேன். "ஐயோ தம்பி, எங்களை விட்டிட்டுப் போட்டியே!" என்று பூமணி அக்கா என் தோளிலேயே விழுந்து அழுதார். பிறகுதான் தோள் யாருடையது என்று பார்த்தார்.

"செத்தது ஆர்?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா."

"பின்னை என்ன கோதாரிக்கு ஊதினனீ?"

கார்மென் மகளிடம் விளக்கம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, உள்ளதைச் சொன்னாள். கார்மென் சிலுவை போட்டுக்கொண்டு மோதிரப் பெட்டியை மூடினார். மகள் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது. "ஐ டோன்ட் நோ இங்கிலீஷ். சாரி."

கார்மென் என்னையே பார்த்தார். "மீ டூ," என்றார். பெட்டியைத் திறந்தார்.

இப்போது பேரப்பிள்ளையும் வந்தாயிற்று. கார்மென் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, "கொங்க் உயிரோடு இருக்கிறாரா?" என்பதுதான். நான் உணவகக் கதையைத் தொடங்கினால் போதும், வீட்டில் எல்லாரும் கையைக் குவித்து வாயில் வைத்துவிடுகிறார்கள்.