செத்தவர்களுக்கான தகுதித் தேர்வு

போரில் செத்துப்போன பிள்ளைகளை எழுப்பி, மறுபடியும் போருக்கே அனுப்புவது என்று அரசு முடிவெடுத்தபோது நாங்கள் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. புதைக்கிற செலவு மிச்சம் என்றார்கள். சரிதானே என்று தோன்றியது. இதற்கென்று ‘மறுஉயிர்ப்பு இளைஞர் படைத் துறை’ என்று ஒன்றைத் திறந்தார்கள். நல்ல கட்டடம். ஏசி மட்டும் செத்தவர்கள் பகுதியில்தான்.

பிறகு அது மோஸ்தராகிவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைகளும் முகத்தில் சாம்பல் நிறப் பவுடரை அப்பிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். என் மகள் கண்ணைச் சிமிட்டாமல் சாப்பிடப் பழகினாள். கேட்டதற்கு, “அப்பா, இப்ப இதான் ட்ரெண்டு, உங்களுக்குப் புரியாது” என்றாள். புரியத்தான் இல்லை.

நான் அந்த அலுவலகத்துக்குப் போனது ஒரு புகாரோடு. எங்கள் தெருவில் பயிற்சி எடுக்கும் படைப்பிரிவு போகிறபோக்கில் விரல்களை உதிர்த்துவிட்டுப் போகிறது. பெருக்க வருகிறவர்களோ, அது ராணுவச் சொத்து, தொடமாட்டோம் என்கிறார்கள். காத்திருப்போர் கூடத்தில் எனக்கு முன்னால் ஒரு தையல்கார அம்மா. பதினேழு வயதில் செத்து, எழுப்பப்பட்டு, இன்னும் படையில் இருக்கும் மகனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார்.

“பதினெட்டு முடிஞ்சதும் விட்டுடுவோம்மா, விதியே இருக்கு” என்றார் கண்காணிப்பாளர், மிகவும் பணிவாக.

“அவன் செத்தே மூணு வருஷம் ஆச்சுங்க. இப்ப இருபது.”

“செத்தவங்களுக்கு வயசு ஏறாதும்மா. பதினேழுலயே நிக்கும்.”

“அப்ப எப்பதான் விடுவீங்க?”

“பதினெட்டு முடிஞ்சதும்.”

“செத்தா விட்டுடுவோம்னு சேர்க்கும்போது சொன்னீங்களே?”

“சொன்னோம். அந்தச் சலுகையை உங்க பையன் ஏற்கெனவே பயன்படுத்திட்டாரே!”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தது என் முறை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் பரிசோதகர் உள்ளே வந்தார். செத்த படையினரின் தகுதியைச் சோதிப்பவர். இந்த அலுவலகத்துக்குப் புதிது. சொன்னதைச் செய்யவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது, அவ்வளவுதான் தேர்வு. மனிதர் வழி தவறி எங்கள் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்தவருக்கு, நாங்கள் செத்தவர்கள்தான் என்பதில் சந்தேகமே எழவில்லை.

“எல்லாரும் எழுந்திருங்க!”

எழுந்தோம்.

“சுவரைப் பார்த்துத் திரும்புங்க!”

திரும்பினோம்.

“ஒத்தைக் கால்ல நில்லுங்க!”

நின்றோம். ஒரு பெரியவர் மட்டும், “எந்தக் கால் சார்?” என்று கேட்டார். ‘கூடுதல் ஆர்வம்’ என்று அவருக்குப் பாராட்டு கிடைத்தது.

“எதுக்கு?” என்றார் தையல்கார அம்மா.

பரிசோதகர் திடுக்கிட்டார். “என்னது?”

“எதுக்கு ஒத்தைக் கால்ல நிக்கணும்னு கேட்டேன்.”

“இந்தம்மா ஃபெயில்!” என்று அலறினார் பரிசோதகர். “உள்ள இன்னும் உயிர் மிச்சமிருக்கு!”

கண்காணிப்பாளர் ஓடிவந்தார். “சார், சார், இவங்க பொதுமக்கள்!”

“பொதுமக்களா?” பரிசோதகர் ஒற்றைக் காலில் நின்ற எங்களை வியப்போடு சுற்றிவந்தார். “செத்தவங்களே மூணாவது உத்தரவுல லேசா முனகுவாங்களேய்யா!”

விஷயம் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் யோசித்தது. செத்தவர்களுக்கு ஏசி வேண்டும், விரல் ஒட்டப் பசை வேண்டும். பொதுமக்கள் சொந்தச் செலவில் வருகிறார்கள், தண்ணீர் பாட்டிலும் அவர்களே கொண்டுவருகிறார்கள். ‘போதிய கீழ்ப்படிதல் இன்மையால்’ செத்தவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

தையல்கார அம்மா மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதை நானே பார்த்தேன். “கூன் போடாம நேரா நட, எத்தனை தடவை சொல்றது?” என்று திட்டிக்கொண்டே அழுதார். பையன் நேராக நடக்கப் பார்த்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அறிவிப்பு வந்தது. உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் மைதானத்தில் வந்து நிற்கவேண்டும். காரணம் சொல்லவில்லை. நாங்கள் குடும்பத்தோடு சீக்கிரமே கிளம்பினோம். வழியில் தையல் கடையிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“எதுக்குப் போறீங்க?”

“எல்லாரும் போறாங்களே!” என்றேன். இவருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவரும் மகனும் கடைசிவரை வரவில்லை.

மைதானத்தில் கொளுத்துகிற வெயில். சுற்றிலும் துப்பாக்கி. ஊரே வரிசைகட்டி மூச்சுவிடாமல் நின்றது. அத்தனை கூட்டத்திலும் துணிந்து குரல் எழுப்பியது ஒரே ஒருவர்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, அது நான்தான்.

“ஹலோ, நாங்கெல்லாம் மனுஷங்களாத் தெரியலையா? வரிசைக்கு நடுவுல நுழையாதீங்க, பின்னாடி போய் நில்லுங்க!”